உயிரின் எரிபொருளை அளந்தவர் – டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்



லேபில் ரீடிங் 'சமைப்பது' எப்படி என்று நமக்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. முதல் வருஷம் சேர்ந்த ஒரே மாதத்தில் அந்தக் கலை தானாக வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. களிமண்ணில் சிலிக்கா எவ்வளவு என்று பார்க்கும் ஒரு பிராக்டிகல். அம்மோனியம் மாலிப்டேட் கரைசலை விட்டு, ஒடுக்கும் கரைசலைச் சேர்த்து, அப்புறம் வருகிற நீல நிறத்தைக் கலரிமீட்டரில் அளக்க வேண்டும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு சிலிக்கா. அன்றைக்கு என் டியூபில் நீலம் ஓர் இடத்தில் நிற்கவே இல்லை. ஒரு தடவை பார்த்தால் ஒரு எண். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் இன்னொரு எண். ஏறிக்கொண்டே போகிறது! பெல் அடிக்கப் போகிற நேரம். பக்கத்து டேபிள் நண்பனின் ரெக்கார்டைப் பார்த்து, கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதி நீட்டிவிட்டேன். கையெழுத்தும் கிடைத்தது.

சில மாதம் கழித்து ஒரு வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன். நம்ம சென்னையில் படித்த ஒருவர், சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு லேபில் இதே மாலிப்டேட் நீலத்தோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார். அவருக்கும் நிறம் நிற்கவில்லை. ஆனால் அவர் பக்கத்து டேபிளைப் பார்க்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று பார்த்தார். அதிலிருந்து கிடைத்ததுதான் நம் உடம்பு எதனால் ஓடுகிறது என்ற விடை. அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் கதையை இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

வாழைப்பழ வியாபாரம்!

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். இன்றைக்கு அது ஆந்திராவில் இருக்கிறது. அப்பா ஜகன்னாதம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அம்மா வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் இவர் நாலாவது. வீட்டில் வசதி குறைவு. பையனுக்குப் படிப்பில் பெரிய நாட்டமும் இல்லை.

பதின்மூன்று வயசில் ஒரு நாள் வீட்டை விட்டு ஓடிவிட்டார். எதற்குத் தெரியுமா? காசிக்குப் போய், யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவதற்கு! பாதியிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அம்மா விடவில்லை. படிப்புதான் என்று ஒரே பிடிவாதம்.

பையன் படித்தாரா? மெட்ரிக்குலேஷன் முதல் தடவை போச்சு. இரண்டாம் தடவையும் போச்சு. நடுவில் அப்பாவும் காலமாகிவிட்டார். அம்மா நகைகளை விற்றுச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது தடவைதான் பாஸ். அரியர் வைத்திருக்கிற நண்பர்கள் இந்த இடத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். (நானும் அந்தக் கட்சிதான்.)

அப்புறம் கடற்கரை ஓரம் பிரசிடென்சி காலேஜில் இண்டர்மீடியட். அந்த வயதில் மனசு ராமகிருஷ்ண மிஷன் பக்கம் சாய்ந்தது. துறவியாகிவிட வேண்டும் என்று போய் நின்றார். தாயின் சம்மதம் வேண்டும் என்றார்கள். தாய் சம்மதிக்கவில்லை. சேவைதான் நோக்கம் என்றால் வைத்தியம் படி என்று அங்கேயே வழிகாட்டினார்கள். இப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் வந்து சேர்ந்தார்.

கதர் போட்டதற்குக் கிடைத்த பரிசு

அது சுதேசி இயக்கக் காலம். காந்தியடிகள் அந்நியத் துணியை விடச் சொன்னார். சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற மேலங்கியையே கதரில் தைத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வெல்லாம் நன்றாக எழுதியிருந்தும், கடைசியில் கையில் வந்தது எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை. அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்.

இதன் வலி நமக்குப் புரியும். டிகிரிக்காரனுக்கு ஒரு நாற்காலி, டிப்ளமாக்காரனுக்கு ஒரு நாற்காலி என்று இண்டர்வியூவிலேயே பிரித்து உட்கார வைப்பதை நம் அண்ணன்மார் வந்து சொல்லிக் கேட்டிருக்கிறோம். சுப்பாராவுக்கு அரசு மருத்துவப் பணி கிடைக்கவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் வேலைதான் கிடைத்தது.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு பெரிய இடி. அண்ணன் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நோய், ஸ்ப்ரூ. சாப்பிடுகிற சத்து எதுவும் குடலில் ஒட்டாமல் கழிந்து போய், ரத்தம் குறைந்து, ஆள் உருகிச் சாகிற வெப்பமண்டல நோய். சுப்பாராவையும் அது ஒரு முறை பிடித்தது. டாக்டர் ஆச்சண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார். இரண்டு சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவர் மனசை விட்டுப் போகவே இல்லை.

பாஸ்டனில் ஒரு நைட் ஷிப்ட்

1919-ல் சேஷகிரி என்ற பெண்ணோடு கல்யாணம் நடந்திருந்தது. மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்திதான் படிப்புக்கு உதவினார். வெளிநாட்டுப் பயணத்துக்கும் அவர் பணமும், காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம நிதியின் பணமும் சேர்ந்தன. மூன்று வருஷத்தில் திரும்பி வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு 1922-ல் கப்பல் ஏறினார். அக்டோபரில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார்.

ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் படிப்பில் சேர்ந்தார். பகலில் வகுப்பு. ராத்திரியில் ஆஸ்பத்திரியில் வேலை. என்ன வேலை? படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களை எடுத்துக் கழுவி வைக்கிற வேலை. சென்னையில் வைத்தியம் படித்த டாக்டர்! வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார். அப்படித்தான் அந்தப் படிப்பை முடித்தார். அங்கே அவர் வாங்கியதும், நண்பர்களே, நம்மைப் போல ஒரு டிப்ளமாதான்.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து ஒரு செய்தி. அவர் புறப்பட்ட பிறகு பிறந்த மகன், ஒரு வயது நிறைவதற்குள்ளேயே நோய் வந்து இறந்துவிட்டான். குழந்தை முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

நிற்காத நீலம்

டிப்ளமாவுக்குப் பிறகு ஹார்வர்டிலேயே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். முதலில் கொடுத்த வேலை மிகச் சாதாரணமானதுதான். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சுலபமாக அளக்க ஒரு வழி வேண்டும். மாலிப்டேட்டோடு பாஸ்பேட் சேரும். அதை அமினோநாப்தால் சல்பானிக் அமிலம் என்ற பொருளால் ஒடுக்கினால் நீலம் வரும். அந்த நீலத்தை அளந்தால் பாஸ்பரஸ் கணக்கு. 1925-ல் வெளிவந்த இந்த முறைக்கு ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே பெயர். உலகம் பூராவும் பல்லாயிரம் ஆய்வுக் கட்டுரைகளில் அதைக் கையாண்டிருக்கிறார்கள். நாம் சிலிக்காவுக்குச் செய்வதும் இதற்கு அண்ணன் தம்பி முறைதான். பாஸ்பேட்டும் சிலிக்காவும் இரண்டுமே மாலிப்டேட்டோடு சேரக்கூடியவை. அதனால்தான் ஒன்றை அளக்கும்போது மற்றது குறுக்கே வராமல் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த முறையை அவர்கள் தசைக்குக் கொண்டுபோனார்கள். இங்கேதான் அந்தச் சிக்கல். புதிதாக எடுத்த தசையின் சாற்றில் நீலம் உடனே முழுசாக வரவில்லை. மெதுவாக, நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனது. சாதாரண பாஸ்பேட் என்றால் சீக்கிரம் நின்றிருக்க வேண்டும். ஏதோ தப்பு, கரைசல் சரியில்லை என்று கொட்டிவிட்டு வேறு எடுத்திருக்கலாம். அவர்கள் கொட்டவில்லை. தசைக்குள் பாஸ்பேட்டைக் கட்டி வைத்திருக்கிற ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அது அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து பாஸ்பேட்டை விடுகிறது. அதனால்தான் நீலம் ஏறுகிறது என்று பிடித்தார்கள். 1927-ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கிரியேட்டின் என்ற பொருளோடு பாஸ்பேட் சேர்ந்த பாஸ்போகிரியேட்டின். இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் அதே காலத்தில் இதே பொருளின் தடத்தைப் பிடித்திருந்தார்கள்.

1929-ல் அடுத்தது. தசையிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் ஏ.டி.பி. என்று நாம் பிளஸ் டூ உயிரியலில் படித்த அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே வருஷம் தனியாகக் கண்டுபிடித்தார். லோமனின் கட்டுரை சில வாரம் முந்தி வந்துவிட்டது.

மெஸ் டோக்கன் கணக்கு

ஏ.டி.பி.யில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறீர்களா? நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து பணம் வருகிறது. ஆனால் அந்தப் பணத்தை நேராகக் கொண்டுபோய்ச் சாம்பார் வாளி முன்னால் நீட்டினால் மாஸ்டர் வாங்க மாட்டார். டோக்கன் வேண்டும். உடம்பும் அப்படித்தான். சோறு, இட்லி, எண்ணெய் எல்லாம் வீட்டுப் பணம். தசை அந்தப் பணத்தை வாங்காது. ஏ.டி.பி. என்ற டோக்கனைத்தான் வாங்கும். மூன்று பாஸ்பேட்டில் ஒன்றைக் கழற்றும்போது கிடைக்கிற சக்தியில்தான் தசை சுருங்குகிறது, நரம்பு பேசுகிறது, இதயம் துடிக்கிறது. கழன்ற டோக்கன் திரும்பப் போய் மறுபடி பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு வருகிறது. ஒரு சமயத்தில் உடம்பில் இருக்கும் ஏ.டி.பி. ரொம்பக் கொஞ்சம். ஆனால் ஒரு நாள் முழுக்க அது சுற்றி வருகிற கணக்கைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடம்பு எடை அளவுக்கே வந்துவிடும்!

அப்போ பாஸ்போகிரியேட்டின்? அது அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கிற ரூம்மேட். திடீரென்று நூறு மீட்டர் ஓட வேண்டும் என்றால், சாப்பாட்டை எரித்து டோக்கன் அடிக்க நேரம் போதாது. முதல் சில விநாடிகளுக்குப் பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்துச் சமாளிக்கிறது.

இதற்கு முன்னால் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? லாக்டிக் அமிலம் உண்டாவதால்தான் தசை சுருங்குகிறது என்று. தசை ஆராய்ச்சிக்காக ஹில், மையர்ஹாஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் கொடுத்திருந்தார்கள். 1930-ல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கோர், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி தடுத்த தசையும் சுருங்குகிறது, அப்போது பாஸ்போகிரியேட்டின்தான் குறைகிறது என்று காட்டினார். பழைய கொள்கை ஆட்டம் கண்டது. அடியில் இருந்தது அந்த நிற்காத நீலம்.

பெயர் எங்கே?

1930-ல் ஹார்வர்டு பிஎச்.டி. கொடுத்தது. ஆனால் நிரந்தர வேலை கொடுக்கவில்லை. அதே லேபில் மாணவராக இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் 1988-ல் நோபல் பரிசு வாங்கியவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் அன்றைக்கு வெளியே வராமல் போனதால், பிற்காலத்தில் மற்றவர்கள் அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், ஃபிஸ்கின் பொறாமையே அதற்குக் காரணமாகத் தெரிந்தது என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஏ.டி.பி.யின் வழித்தடத்தில் ஆராய்ச்சி செய்த பலர் பின்னால் நோபல் வாங்கினார்கள். ஏ.டி.பி. உண்டாகும் விதத்தை விளக்கியதற்காக 1978-ல் மிட்செல், 1997-ல் பாயர், வாக்கர். சுப்பாராவுக்குக் கிடைக்கவில்லை.

அவர் சண்டைக்கும் போகவில்லை. உட்கார்ந்து புலம்பவும் இல்லை. 1940-ல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் பக்கம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். சீக்கிரமே ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். அதற்கடுத்த எட்டு வருஷத்தில் நடந்ததைப் பாருங்கள்.

ஒன்று, ஃபோலிக் அமிலம். ரத்தம் ஊற உடம்புக்குத் தேவையான வைட்டமின். 1945-ல் அவருடைய குழு அதை லேபில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஊறியது, தேறினார்கள். அண்ணனையும் தம்பியையும் கொன்ற நோய்க்கு மருந்து! இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதர் மனசுக்குள் வைத்திருந்த கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது. ஸ்கூலில் வாரம் ஒரு தடவை கொடுத்தார்களே, இரும்புச் சத்தோடு சேர்ந்த நீல மாத்திரை, ஜன்னல் வழியாக நம்மில் பல பேர் தூக்கிப் போட்டது, அதற்குள் இருந்தது இந்த ஃபோலிக் அமிலம்தான்.

இரண்டு, அதற்கு எதிர்ப்பொருள். ஃபோலிக் அமிலம் மாதிரியே நடித்து அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினை அவர் குழு தயாரித்துக் கொடுத்தது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-ல் வெளியான அறிக்கையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. அதுவரை அந்த நோய்க்கு மருந்தென்று எதுவுமே இல்லை. இதன் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட்டைப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்றைக்கும் கொடுக்கிறார்கள்.

மூன்று, ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்து. எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பேராசிரியர் டக்கர் என்பவர் லெடர்லியில் மண்ணில் தேடிக் கண்டுபிடித்தது. அந்த ஆராய்ச்சியை நடத்தியவர் சுப்பாராவ்.

நாலு, ஹெட்ரசான். இதன் இன்னொரு பெயர் டி.இ.சி. யானைக்கால் நோய்க்கான மாத்திரை. இது நமக்குப் பக்கத்து விஷயம். நம்ம கடலூர் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் யானைக்கால் எவ்வளவு பேரை முடக்கிப் போட்டது என்று தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்லுவாங்க. சுகாதாரத் துறை ஊழியர்கள் வீடு வீடாக வந்து நின்று விழுங்க வைத்த மாத்திரை இதுதான். கொடுத்தவர்களுக்கும் விழுங்கியவர்களுக்கும் சுப்பாராவ் யார் என்று தெரியாது.

இன்றைய டப்பாக்கள்

1948 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 53.

அதே 1948-ல்தான் கென்னடி, லேனிஞ்சர் என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள் ஏ.டி.பி. பெருமளவு தயாராகிற இடம் மைட்டோகாண்ட்ரியா. நம்ம தொழிற்பேட்டைச் சூளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் களிமண்ணும் எரிபொருளும் வெளியிலிருந்து வர வேண்டும், வேகிறது உள்ளே. ஒரே வித்தியாசம், இந்தச் சூளையில் தீ இல்லை. 37 டிகிரி சூட்டிலேயே சாப்பாட்டை மெல்ல எரிக்கிறது. இன்னொரு ஆச்சரியம், இந்தச் சூளைக்குச் சொந்தமாக மரபணு உண்டு. மனிதரில் 37 மரபணுக்கள். அவற்றில் 13 புரதங்களுக்கானவை. பதின்மூன்றுமே சக்தி தயாரிக்கும் வேலைக்குத்தான். மற்ற உதிரிப் பாகங்கள் எல்லாம் செல்லின் உட்கருவிலிருந்து வந்து சேருகின்றன.

இந்த மரபணுக்களைத் தட்டி எழுப்பி, சூளைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, சக்தியைப் பெருக்க மருந்து உண்டா என்றுதான் இப்போது உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். 1998-ல் பாஸ்டனில் ஸ்பீகல்மன் குழு, இதற்கு மேஸ்திரி மாதிரி இருக்கிற பி.ஜி.சி.-1 ஆல்ஃபா என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. அந்த நிறுவனத்தின் பெயரிலேயே ஃபார்பர் இருக்கிறார். ஆமாம், சுப்பாராவ் மருந்து அனுப்பிய அதே ஃபார்பர்! திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் எலிகளில் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கியதாக 2006-ல் செய்தி வந்தது. மனிதரிடம் அந்த அளவுக்கு நிரூபணம் ஆகவில்லை. நிகோடினிக் அமிலம், அதாவது வைட்டமின் பி-3, மைட்டோகாண்ட்ரியா கோளாறால் தசை தளர்ந்த ஒரு சில நோயாளிகளுக்குப் பலன் தந்ததாக 2020-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது நோயாளிகளுக்கு, டாக்டர் கண்காணிப்பில். நம்மைப் போல நல்லா இருக்கிறவர்களுக்கு இல்லை.

ஜிம்முக்குப் போகிற நண்பர்கள் வாங்குகிற கிரியேட்டின் டப்பா? அது சுப்பாராவின் நேர் வாரிசு. தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. பளு தூக்குதல் போன்ற குறுகிய, கடும் வேலைக்கு உதவுகிறது. இது ஆய்வில் நின்ற விஷயம். ஆனால் டப்பா மேல் எழுதியிருக்கிற மற்ற எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள். எழுதியதை அளந்து பார்த்தார்களா, எத்தனை பேரிடம் அளந்தார்கள், எலியிடமா மனிதரிடமா என்று கேளுங்கள். பி.ஜி.சி.-1 ஆல்ஃபாவைத் தட்டி எழுப்புவதில் நிச்சயமாக நிரூபணமான ஒரு வழி இருக்கிறது. உடற்பயிற்சி! மணிமுத்தாற்றுப் பாலத்தில் காலையில் ஓடுவதற்கு யாரும் பில் போடுவதில்லை.

மூன்று வருஷம்

சுப்பாராவைக் கடவுளாக்கிப் படம் மாட்ட நான் இதை எழுதவில்லை. மூன்று வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், இருபத்தாறு வருஷம் ஆகியும் வரவில்லை. சேஷகிரி அம்மாள் இங்கேயே காத்திருந்தார். மகனையும் தனியாகவே புதைத்துவிட்டுக் காத்திருந்தார். உலகத்துக்கு மருந்து கிடைத்தது. அந்த அம்மாளுக்கு என்ன கிடைத்தது? படிக்கும்போது எனக்கு இது உறுத்தியது. உங்களுக்கும் உறுத்த வேண்டும் என்றே எழுதுகிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிற அண்ணன்மார் நம்ம ஊரிலும் நிறைய.

1995-ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான் பெரிய மரியாதை. ஆனால் கல்லூரி வாசலில் இரண்டு தடவை ஃபெயிலான பையன், பட்டத்துக்குப் பதில் அரைப் பட்டம் வாங்கியவர், ராத்திரியில் பாத்திரம் கழுவியவர், அளந்ததை அளந்தபடி எழுதினார். எல்.எம்.எஸ். என்று போட்ட காகிதம் அவர் கையிலிருந்த டெஸ்ட் டியூபை எதுவும் செய்துவிடவில்லை. நமக்கும் டிப்ளமா என்று போட்ட காகிதம்தான் கிடைக்கப் போகிறது. நம்ம பெயரில் போகிற ஓர் ஓடு, ஒரு வாஷ்பேசின், ஒரு மின்கம்பத்து இன்சுலேட்டர் எங்கோ ஒரு வீட்டில், ஒரு லைனில் இருக்கப் போகிறது. நாம் சமைத்த ரீடிங்கில் வெந்த இன்சுலேட்டர் மழையில் வெடித்தால் லைன்மேன் ஒருவர் மேலே இருப்பார்.

கடைசியாக ஒன்று. போன மாதம் அந்தச் சிலிக்கா பிராக்டிகலைத் திரும்பச் செய்தேன். ஒடுக்கும் கரைசலைப் புதிதாகத் தயாரித்து, நீலம் நிற்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்து அளந்தேன். அவசரப்பட்டதுதான் முன்பு தப்பு. எண் நண்பனுடையதற்குக் கிட்டக்கூட வரவில்லை. எங்கள் இரண்டு பேர் மாதிரியும் வேறு வேறு குழியில் எடுத்த மண் என்று அப்புறம்தான் தெரிந்தது! ரெக்கார்டில் பழைய எண்ணை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதிய எண்ணை எழுதிக்கொண்டு போனேன். சார் இரண்டையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கீழே இன்னொரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.



– மூன்றாம் ஆண்டு மாணவன்,
பீங்கான் தொழில்நுட்பவியல், விருத்தாசலம்